புழுங்கலரிசியின் சாட்சியம்

மரக்கறி உணவைப் பற்றி வாதிடுகிறவர்கள், அதனை ஆதரிப்போராயினும் மறுப்போராயினும், பெரும்பாலும் இலையில் எது இல்லை என்பதையே கணக்கிட்டுவிட்டு, இருப்பது இன்னதென்று பார்க்க மறந்துவிடுகிறார்கள். மாமிசத்தை விலக்கியதனாலேயே தேகம் நோயற்று விளங்கும் என்று ஒரு சாராரும், அதே காரணத்தால் தேகம் பலங்குன்றி நலிந்துபோகும் என்று மற்றொரு சாராரும் நம்புகின்றனர். சரீர சாஸ்திரம் இவ்விரு நம்பிக்கைகளுக்கும் இடந்தருவதில்லை. ஒரே தானியம், பக்குவப்படுத்தப்பட்ட முறை ஒன்றினாலேயே, ஒரு சாராருக்கு உயிராகவும் மற்றொரு சாராருக்கு எமனாகவும் ஆகக்கூடும் என்பதை உலகத்துக்கு ஐயந்திரிபற நிரூபித்துக் காட்டிய பரிசோதனைகளில் மிகவும் பிரதானமான ஒன்று நம்முடைய கோலாலம்பூரிலேயே நடந்தது. அதில் தமிழர் உண்ட அரிசியே முக்கிய சாட்சியாக நின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கிள்ளான் நதிப் பள்ளத்தாக்கிலும் அதனைச் சூழ்ந்த மாநிலங்களிலும் ஈயச் சுரங்கங்கள் பெருகியபோது, அவற்றில் உழைத்த சீனத் தொழிலாளரிடையே பெரிபெரி என்னும் வியாதி கொள்ளைநோய் போலப் பரவியிருந்தது. முதலில் கால்கள் மரத்துப்போகும். பிறகு நடை தள்ளாடும். சிலருக்குக் கால் முதல் வயிறுவரை நீர் கோத்து வீங்கும். முடிவில் இருதயம் களைத்து, நேற்றுவரை மண்வெட்டி பிடித்த வாலிபன் மூச்சுத் திணறி மாண்டுபோவான். இது ஒரு தொற்றுநோய் என்று எண்ணிய வைத்தியர்கள், சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தும் தரையைக் கழுவியும் கிருமியைத் தேடியும் பார்த்தார்கள். ஆனால், அதே நாட்டில், அதே வெயிலிலும் மழையிலும், சீனரைக் காட்டிலும் எவ்விதத்திலும் சௌகரியமாக வாழாத தமிழ்த் தொழிலாளருக்கு அந்நோய் ஏன் அபூர்வமாகவே வருகிறது என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. கிராமங்களில் வாழ்ந்த மலாய் மக்களும் ஏறக்குறைய அதற்குத் தப்பியே இருந்தார்கள்.

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராகப் பணியாற்றிய வில்லியம் லியனார்டு பிராடன், மூன்று சமூகத்தாரும் அரிசியையே உண்டாலும் மூவரும் உண்பது ஒரே அரிசியன்று என்பதைக் கவனித்தார். சீனர், ஆலையில் உமியும் தவிடும் அறவே நீக்கித் தீட்டப்பட்ட சயாம் பச்சரிசியை உண்டனர். மலாய்க்காரர், வேண்டும்போது வேண்டிய அளவு நெல்லை வீட்டிலேயே குத்தித் தவிடு முழுதும் போகாத அரிசியை உண்டனர். தமிழர், நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்திய பிறகு குத்தப்பட்ட புழுங்கலரிசியை உண்டனர். 1907ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில், தீட்டிய அரிசி நாட்பட இருக்கும்போது அதில் ஏதோ ஒரு விஷம் உண்டாகிறது என்று காரணம் கூறினார். காரணம் பிழையாயினும், அவர் சுட்டிய குற்றவாளி சரியான குற்றவாளியே.

ஐயத்தைத் தீர்க்கும் சந்தர்ப்பம் கோலாலம்பூரில் இருந்த மனநோயாளர் விடுதியில் வாய்த்தது. 1905ஆம் ஆண்டில் அங்கே பெரிபெரி மூண்டு பலரைப் பலிகொண்டிருந்தது. அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில், வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர், விடுதியில் இருந்தோர் அனைவரையும் உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணிக்கை இடச் செய்தார். ஒற்றைப்படை எண் பெற்றோருக்கு முன்போலவே தீட்டிய அரிசியும், இரட்டைப்படை எண் பெற்றோருக்குப் புழுங்கலரிசியும் வழங்க ஏற்பாடு செய்து, அரிசியைத் தவிர மற்ற ஆகாரமெல்லாம் இரு சாராருக்கும் ஒன்றாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டார். ஓராண்டுக்குப் பின் கணக்குப் பார்த்தபோது, தீட்டிய அரிசி உண்ட சுமார் 120 பேரில் முப்பதுக்கு மேற்பட்டோர் பெரிபெரியால் பீடிக்கப்பட்டிருந்தனர். 18 பேர் மாண்டிருந்தனர். புழுங்கலரிசி உண்ட, ஏறத்தாழ அதே தொகையினரில், இருவருக்கு மட்டுமே நோய் காணப்பட்டது. அவ்விருவரும் விடுதிக்கு வரும்போதே அதனுடன் வந்தவர்கள். தம் சம்மதத்தைத் தெரிவிக்கவும் இயலாதவர்களை வைத்துச் செய்யப்பட்ட இத்தகைய பரிசோதனையை இன்றைய மருத்துவ நீதி ஒருபோதும் அனுமதியாது. அவர்களுடைய சாவின்மேல்தான் இந்த அறிவு நிற்கிறது என்பதை வாசகர் மறத்தலாகாது.

பின்னர், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசரும் ஆம்புரோஸ் ஸ்டாண்டனும், நெகிரி செம்பிலான் காட்டில் வேலை செய்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளரை இரு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குத் தீட்டிய அரிசியும் மறு கூட்டத்துக்குப் புழுங்கலரிசியும் கொடுத்து, பிறகு அரிசியை மாற்றியும் பார்த்தார்கள். அரிசி சென்ற இடத்துக்கெல்லாம் நோயும் உடன் சென்றது. தீட்டும்போது உதிர்ந்துபோகும் தவிட்டிலேதான் உயிர்காக்கும் பொருள் ஏதோ இருக்கிறது என்று 1909ஆம் ஆண்டில் அவர்கள் முடிவு கூறினர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே ஜாவாவில் எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர் கோழிகளை வைத்து இதே திசையைக் காட்டியிருந்தார். 1912இல் காசிமிர் பங்க் இத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் என்னும் பொதுப்பெயர் சூட்டினார். 1926இல் ஜான்சனும் டொனாத்தும் அரிசித் தவிட்டிலிருந்து அப்பொருளைப் படிகமாகவே பிரித்தெடுத்தனர். அதுவே இன்று நாம் தயமின் என்றும் வைட்டமின் பி1 என்றும் வழங்குவது.

மாவுச்சத்தைச் சக்தியாக மாற்றும் வேலையில் தயமின் இன்றியமையாத துணை. ஆகையால், சோற்றை மிகுதியாக உண்பவனுக்கு அது மிகுதியாகவே வேண்டும். ஆனால் தீட்டிய சோற்றிலோ அது மிகக் குறைவு. 100 கிராம் தவிடு நீக்காத அரிசியில் ஏறக்குறைய 0.4 மில்லிகிராம் தயமின் இருக்க, நன்றாகத் தீட்டிய பச்சரிசியில் 0.1 மில்லிகிராம்கூட இருப்பதில்லை. உடலிலுள்ள சேமிப்போ சில வாரங்களுக்கே போதும். புழுங்கலரிசியின் இரகசியம் அது உமியோடு அவிக்கப்படுவதில் இருக்கிறது. நெல் ஊறும்போதும் ஆவியில் வேகும்போதும், நீரில் கரையும் இயல்புடைய தயமின், தவிட்டிலிருந்தும் முளையிலிருந்தும் மணியின் உட்பகுதிக்கு ஊடுருவிச் செல்கிறது; அங்குள்ள மாவு வெந்து கெட்டியாகி அதனைத் தன்னுள் பிடித்துக்கொள்கிறது; பிறகு எத்துணைத் தீட்டினாலும் அதில் ஒரு பங்கு மணியிலேயே தங்கிவிடுகிறது. நெல் அவித்த நம் பாட்டிமார், அரிசி உடையாமல் வரும், பூச்சி எளிதில் அண்டாது என்ற காரணங்களுக்காகவே அதைச் செய்தார்கள். நரம்பையும் இருதயத்தையும் அது காத்தது அவர்கள் அறியாமல் கிடைத்த உபரி லாபம்.

இந்த வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம், புழுங்கலரிசி உயர்ந்தது என்பதோடு நின்றுவிடுவதன்று. மாண்டவர்கள் உண்டதும் தாவர உணவு. பிழைத்தவர்கள் உண்டதும் தாவர உணவு. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அரிசி கிட்டாமல் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர்தரித்த நம் முன்னோரின் கால்களில் ஆறாத புண்கள் கண்டதும், வயிறு நிறைந்தும் உடல் வற்றியதும், தாவர உணவின் வரலாற்றைச் சேர்ந்தவையே. 100 கிராம் மரவள்ளியில் புரதம் ஏறக்குறைய ஒரு கிராமுக்கு மேல் தேறுவதில்லை. ஆகவே, தாவர உணவு என்ற பெயர் மட்டும் யாரையும் காப்பதில்லை.

பெரிபெரி இப்போது மலேசியாவில் அபூர்வமாகிவிட்டது. ஆனால் அக்காலத்தில் தமிழரை விட்டு விலகி நின்ற நோய்க்குப் பதிலாக, இக்காலத்தில் தமிழரையே தேடிவரும் நோய் ஒன்று உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், நாட்டின் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்ததாகவும், இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு என்றும் காணப்பட்டது. 2023ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த விகிதம் 15.6 ஆகக் குறைந்து காணப்பட்ட போதிலும், நம்முடைய வீடுகளில் இன்சுலின் ஊசி கண்ணாடி அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இடம்பெற்றிருப்பதை எவரும் மறுக்க இயலாது. இதற்குப் பரம்பரையின் பங்கும் உண்டு. தென்னாசியரின் தேகம் சற்றுக் குறைந்த எடையிலேயே இந்நோய்க்கு இடங்கொடுத்துவிடுகிறது. ஆனால் பரம்பரை என்பது நூறு ஆண்டுகளில் மாறுவதன்று. மாறியது வேறு.

கிள்ளானைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில், விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, நிரை பிடித்து நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, பால் வாளியைத் தோளில் சுமந்து கொட்டாய்க்குக் கொண்டுவந்து, அதற்குப் பிறகே நண்பகல் சோற்றுக்கு அமர்ந்த பாட்டனார் உண்ட சோற்றின் அளவை, இன்று கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே குளிரூட்டிய அறையில் கணினி முன் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் பேரனும் உண்கிறான். பாட்டனாருடைய தசைகள் அந்த மாவுச்சத்தை அன்றைக்கன்றே எரித்துவிட்டன. பேரனுடைய உடலில் அது தங்க இடமின்றி இரத்தத்திலும் வயிற்றைச் சுற்றிய கொழுப்பிலும் போய்ச் சேர்கிறது. இந்நிலையில், பொன்னிப் புழுங்கலரிசி இனிப்புநீருக்கு நல்லது என்று கேள்விப்பட்டு அதை மலைபோலக் குவித்து உண்போர் நம்மிடையே பலர். புழுங்கலரிசி இரத்தச் சர்க்கரையை ஓரளவு மெதுவாக ஏற்றுகிறது என்பது உண்மையே. இரண்டு மடங்கு உண்டால் அந்த அனுகூலம் அங்கேயே தீர்ந்துபோகிறது என்பதும் உண்மையே.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையை ஒட்டிய சைவ உணவகம் ஒன்றில் நண்பகலில் விரிக்கப்படும் வாழையிலையைச் சற்று நிதானமாகப் பரிசீலிப்போம். இலையின் மேற்புறத்தில் கோஸ் பொரியல் ஒரு கரண்டி, வெள்ளரிப் பச்சடி ஒரு கரண்டி, மசாலா பூசிப் பொரித்த பாகற்காய் சிறிது, அப்பளம் இரண்டு; கீழ்ப்புறத்தில் மூன்று அகப்பை சோறு; அதன்மேல் சாம்பார், பிறகு இரசம், பிறகு மோர்; 'இன்னும் கொஞ்சம் போடவா?' என்று கேட்டுக்கொண்டே பரிமாறுகிறவர் சோற்று வாளியோடு மறுபடியும் வந்து நிற்கிறார். சோறு 400 கிராம் என்று வைத்துக்கொண்டால், அதில் மட்டும் மாவுச்சத்து 110 கிராமுக்குக் குறையாது. புரதமோ பத்துக் கிராம் அளவுதான். சாம்பாரில் பருப்பு இருக்கிறதென்று மனம் ஆறுதலடைகிறது. ஆனால் நீர்க்க வைத்த சாம்பாரில், ஒரு கரண்டிக்கு இரண்டு மூன்று கிராமுக்கு மேல் புரதம் எதிர்பார்ப்பதற்கில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உடலின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 50 கிராம். மேற்கூறிய இலை வயிற்றை நிரப்பி, அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தருவது அரிது.

இக்குறையைத் தீர்க்க மாமிசமே வேண்டுமென்பதில்லை. உலர்ந்த பருப்பு வகைகளில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேலும், நிலக்கடலையில் 25 கிராம் அளவும், சோயாவில் 36 கிராம் அளவும் புரதம் இருக்கிறது. அரிசிப் புரதத்தில் குறைவான லைசின் பருப்பில் நிறைந்திருக்கிறது. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. ஆகையால் இட்லியும் பொங்கலும் பருப்புச் சோறும் சாஸ்திரம் பிறப்பதற்கு முன்பே சாஸ்திரத்துக்கு இணங்கிய உணவுகள். பிழை சேர்க்கையில் இல்லை; விகிதத்தில்தான் இருக்கிறது. பருப்பு குழம்பின் நிறத்துக்காக அன்றி உணவாகவே உண்ணப்பட வேண்டும்: கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கிண்ணம், கெட்டியான பருப்புக் கூட்டு ஒரு கிண்ணம், தயிர் ஒரு கிண்ணம். இவற்றோடு, ஜாவானியர் இந்நாட்டுக்குக் கொண்டுவந்த தெம்பேயையும் தமிழர் தம் சமையலறைக்கு உரிமையாக்கிக்கொண்டது பெரும் பாக்கியம். அவித்த சோயாவில் ஒரு வகைப் பூசணத்தை வளரவிட்டு இறுகச் செய்யும் அப்பொருளில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 19 கிராம் புரதம் உண்டு. புளித்தலினால் அது எளிதில் சீரணிக்கவும் செய்கிறது. அதை எண்ணெயில் மூழ்கடித்துப் பொரிக்காமல், மஞ்சளும் மிளகும் தடவித் தோசைக்கல்லில் வாட்டி உண்பது உத்தமம்.

இரும்புச்சத்தின் விஷயம் சற்று நுட்பமானது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை மாமிசத்தில் உள்ளதைப் போலக் குடல் எளிதில் ஏற்பதில்லை. எனினும், எலுமிச்சை, நெல்லி, கொய்யா முதலியவற்றில் உள்ள வைட்டமின் சி உடன் சேருமாயின், ஏற்கும் அளவு பெருகுகிறது. தேநீரின் துவர்ப்புப் பொருள் உடன் சேருமாயின், அது பாதிக்கு மேலும் குறைந்துவிடுகிறது. இலையை மடித்த கையோடு 'தே தாரிக்' வரவழைக்கும் நம் நாட்டு வழக்கம், முருங்கைக்கீரை தந்த நன்மையைப் பெருமளவு திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மாதவிலக்கில் இரத்தம் இழக்கும் பெண்களுக்கு இது அற்ப விஷயமன்று. தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது எளிது. குடிக்கும்போது 'கூராங் மானிஸ்', அதாவது இனிப்பைக் குறைத்து, என்று சொல்லிவைப்பது அதனினும் எளிது.

தாவர உணவால் எவ்வகையிலும் ஈடுசெய்ய இயலாத பொருள் ஒன்றே ஒன்று உண்டு: வைட்டமின் பி12. 1948ஆம் ஆண்டில் பிரித்தெடுக்கப்பட்ட இப்பொருளை எந்தச் செடியும் உண்டாக்குவதில்லை. எந்த விலங்கும் உண்டாக்குவதில்லை. பாக்டீரியா மட்டுமே உண்டாக்குகிறது. பால், தயிர், முட்டை மூலமாக அது நமக்கு வந்துசேர்கிறது. தெம்பேயில் சிற்சமயம் காணப்பட்டாலும் அதை நம்பியிருக்க முடியாது. நாளொன்றுக்கு வேண்டுவது 2.4 மைக்ரோகிராம் அளவுதான். ஈரலில் உள்ள சேமிப்பும் சில ஆண்டுகளுக்குப் போதும். அபாயம் அங்கேதான் இருக்கிறது. தயமின் குறைந்தால் சில வாரங்களில் தெரியவரும். பி12 குறைவதோ ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி நடந்து, பாத எரிச்சல், மரத்துப்போதல், சோகை, மறதி என்று தலைகாட்டும்போது நரம்புக்கு நேர்ந்த சேதம் சிற்சமயம் திரும்பாததாகிவிடுகிறது. இனிப்புநீருக்காக மெட்பார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்வோருக்குக் குடல் இந்த வைட்டமினை ஏற்பதும் குறைகிறது. இனிப்புநீரும் பாதத்தை மரக்கச் செய்வதால், எது எதன் விளைவு என்று தெரியாமலே காலம் கழிந்துவிடும். பால் முதலியவற்றையும் விலக்கிய முழுத் தாவர உணவினர் பி12 மாத்திரையை விடாது உட்கொள்வதும், மெட்பார்மின் உண்ணும் சைவர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதும் கட்டாயம் என்றே கூறுவேன்.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகு, நன்மையின் கணக்கையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார் பிரிட்டனில் சுமார் 48,000 பேரைப் பதினெட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், மாமிசம் உண்போரைக் காட்டிலும் சைவ உணவினருக்கு இருதயத் தமனி நோய் 22 விழுக்காடு குறைவாக இருந்தது. மூளைப் பக்கவாதமோ 20 விழுக்காடு அதிகமாக இருந்தது. முதலாவதற்கு, தாழ்ந்த இரத்தக் கொழுப்பும் குறைந்த உடல் எடையும் காரணமாகலாம். இரண்டாவதற்கு, பி12 போன்ற சிலவற்றின் குறைவு காரணமாயிருக்கக்கூடும் என்று ஆராய்ச்சியாளர் கருதினர். காய், கனி, பருப்பு, நார்ச்சத்து ஆகியவற்றால் வரும் நன்மை மெய்யே. கவனக்குறைவால் வரும் நஷ்டமும் மெய்யே. நம் நாட்டிலோ, 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, வயதுவந்தோரில் ஏறக்குறைய 95 விழுக்காட்டினர் போதிய அளவு காய்கனி உண்பதில்லை. ரொட்டி சானாயும், பாமாயிலில் பொரித்த வடையும், கோதுமைப் பசையையும் சோயாவையும் கொண்டு செய்து உப்பு ஏற்றிய 'சைவ மட்டனும்' தாவர உணவுகள்தாம் என்பதையும் இங்கே நினைவுறுத்த வேண்டியிருக்கிறது.

ஆகாரம் பாதி வேலையையே செய்யும். மறுபாதியைத் தசை செய்ய வேண்டும். நாம் உண்ட மாவுச்சத்து குளுக்கோஸாக இரத்தத்தில் கலந்த பிறகு, அதைப் பெரும்பங்கு வாங்கி வைத்துக்கொள்ளும் களஞ்சியம் எலும்புகளைப் போர்த்திய தசையே. இயங்கும் தசை, இன்சுலினுக்குக் காத்திராமலே தன் வாயிலைத் திறந்து குளுக்கோஸை உள்ளே ஏற்றுக்கொள்கிறது; ஆகையால் உணவுக்குப் பின் செய்யும் நடைக்குத் தனிச்சிறப்பு உண்டு. வயதாக ஆகத் தசை குறைகிறது. போதிய புரதமும் பளுவும் இல்லையேல் அது இன்னும் விரைவாகக் குறைகிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான தேகப்பயிற்சியும், குறைந்தது இரண்டு நாள் தசைக்குப் பலம் தரும் பயிற்சியும் வேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் விதித்தது. நடையைப் பற்றிக் கேட்டவுடன் தலையசைக்கும் நம்மவர், பளுவைப் பற்றிக் கேட்டவுடன் அது வாலிபருக்கு உரியதென்று ஒதுங்கிவிடுகின்றனர். ஐந்து கிலோ அரிசிப் பையை இரு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் பத்து முறை அமர்ந்து எழுவது, அறுபது வயதினருக்கும் எட்டாத காரியமன்று.

இந்நாட்டுக்கு இது புதிய உபதேசமுமன்று. பத்தமடையில் பிறந்து, 1913 முதல் பத்தாண்டுக்காலம் மலாயாவில் மருத்துவராகப் பணியாற்றி, பின்னர் துறவு பூண்டு சுவாமி சிவானந்தர் என்று பெயர் பெற்ற குப்புசாமி, மிதமான சைவ ஆகாரத்தையும் ஆசனப் பயிற்சியையும் ஒருபோதும் பிரித்துப் பேசியதில்லை. தைப்பூசத்துக்கு முன் 48 நாள் மரக்கறி விரதம் பூண்டு, காவடியோடு பத்துமலையின் 272 படிகளை ஏறும் பக்தரும் தம்மை அறியாமல் அவ்விரண்டையும் சேர்த்தே அனுஷ்டிக்கின்றனர். குறை என்னவெனில், விரதம் முடிந்த மறுநாள் இரண்டும் ஒருசேர விடைபெற்றுப் போய்விடுகின்றன.

மலேசிய சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செபாரோ' என்னும் எளிய விதியொன்றை வகுத்திருக்கிறது: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு புரதம், அரைப் பங்கு காயும் கனியும். வாழையிலைக்கும் அது பொருந்தும். அடுத்த புரட்டாசி வரும்வரை காத்திராமல், இன்றைய இலையிலேயே சோற்றை மூன்று அகப்பையிலிருந்து ஒன்றாகக் குறையுங்கள். பருப்பையும் கடலையையும் அந்த இடத்துக்கு வரச் செய்யுங்கள். பொரியலை இரண்டாம் முறை கேட்டு வாங்குங்கள். உண்ட பின் பதினைந்து நிமிடமேனும் நடந்துவிட்டு நாற்காலிக்குத் திரும்புங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இரத்தத்தில் சர்க்கரையோடு பி12ஐயும் பார்த்துத் தரும்படி மருத்துவரைக் கேளுங்கள். இவற்றைச் செய்கிறவருக்கு மரக்கறி உணவு முழுமையான உணவு. செய்யாதவருக்கு அது வெறும் பெயர்.